கோவத்தப் போடு

ஜப்பானியப் படக்கதையில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டால் நெற்றிப்பொட்டின் ஓரத்தில் ஒரு குறி போடுவார்கள். நாலு மூலையிலிருந்தும் வளைந்த கோடுகள் உள்நோக்கி வந்து, ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். கோபத்தில் புடைக்கும் நரம்பிலிருந்து பிறந்த குறி அது. வாசகர் அதை நரம்பாகப் பார்ப்பதில்லை. கோபம் என்று வாசித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். அதனால்தான் அது நெற்றியை விட்டுக் கிளம்பி, நினைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கன்னத்தில் வரும், தலைமுடியின் மேல் வரும், முறுக்கிய முஷ்டியில் வரும், முதுகைக் காட்டி நிற்பவரின் பின்னந்தலையில் வரும், பேச்சுக்குமிழின் விளிம்பில்கூட வரும். முடிக்கு மேலே நரம்பு ஓடுமா என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை.

இதை நான் காயல்பட்டினத்தில், சிறு வயதில் கற்றுக்கொண்டேன். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத சீனமொழிப் புத்தகங்கள்தான் சொல்லிக்கொடுத்தன.

எங்கள் ஊர் ஆண்கள் பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதைச் சபர் என்போம். போனவர் சபராளி. கொழும்பு, பாங்காக், ஹாங்காங் என்று போவார்கள். உள்நாட்டில் கல்கத்தா, ஜெய்ப்பூர். மணிக்கற்களும் முத்தும் பார்த்துத் தரம் பிரிக்கத் தெரிந்த கண்கள் அவர்களுடையவை. என் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஹாங்காங்கில் கவுலூன் பக்கம் ஒரு கல் வியாபாரியிடம் வேலை பார்த்தார். மன்னார் வளைகுடாவின் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்துபோயிற்று. அதற்கு வெகுகாலம் முன்பே, 1893-ல், மிகிமோட்டோ கோகிச்சி என்ற ஜப்பானியர் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டிவிட்டார். பின்னர் உலகச் சந்தை அந்த வளர்ப்பு முத்தின் பக்கம் சாய்ந்தது. முத்துக்குப் பேர்போன கரையில் பிறந்த மாமா, ஹாங்காங்கில் மேசை விளக்கின் கீழே ஜப்பான் முத்துகளை நிறம் பார்த்து, வட்டம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஜப்பான் எங்கள் வீட்டுக்கு முதலில் அந்த வழியாகத்தான் வந்தது.

இரண்டாவது வழி மாமாவின் பெட்டி. ஊருக்கு வரும் ஒவ்வொரு சபர்ப் பெட்டியிலும் துணிமணி, சோப்பு, தைலம், பேனா, கண்ணாடிக் கோப்பைகள் இருக்கும். கோப்பைகள் உடையாமலிருக்க இடைவெளியில் எதையாவது செருகி அனுப்புவார்கள். ஒருமுறை மாமா செருகியவை, அவருடைய முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படித்து ஒதுக்கிய படக்கதைப் புத்தகங்கள். கையடக்கமானவை, மலிவான தாள். அட்டையில் காது இல்லாத ஒரு நீலப் பூனை, கழுத்தில் மணியோடு. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோவின் டோரேமான்தான். ஹாங்காங்கில் அப்போது அதற்கு டிங் டாங் என்று பெயர். 1997-ல்தான் மூலப் பெயரின் ஒலிக்கு மாறினார்கள். எங்களுக்கு அது நெடுங்காலம் ‘மணிப்பூனை’. அகிரா தொரியாமாவின் ‘டாக்டர் ஸ்லம்ப்’ புத்தகங்கள் சிலவும் கூடவே வந்தன. கோப்பைகளை உம்மா எடுத்துக்கொண்டாள். புத்தகங்களை என் அக்கா லாத்தாவும் நானும் எடுத்துக்கொண்டோம்.

படக்கதை எங்களுக்குப் புதிதில்லை. சினிமாக் கொட்டகை இல்லாத ஊர் எங்களுடையது. படத்தின் மேல் ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குக் காகிதம்தான் கதி. எங்கள் ஊர் வீடுகளுக்கு இடையே பெண்கள் போய்வர முடுக்குகள் உண்டு. தெருவில் இறங்காமலேயே ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து இன்னொரு வீட்டின் பின்கட்டுக்குப் போய்விடலாம். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அந்த முடுக்குகளில் கைமாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் தொலைந்து எங்களிடம் வரும். 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவியை நாங்கள் அப்படித்தான் படித்தோம். ஹேசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தப் பக்கங்களின் கறுப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் மனிதர்களை நிழலோடு, சதையோடு, எலும்போடு வரைந்தார். பயந்தவன் உண்மையாகவே பயந்த முகத்தோடு இருந்தான். ஆனால் பேச்சுக்குமிழ்களைக் கைவைத்து மறைத்துவிட்டால் கதை நின்றுவிடும். யார் யாரிடம் எதற்காகத் துப்பாக்கி நீட்டுகிறார் என்று தெரியாது.

மாமாவின் புத்தகங்களில் எல்லாக் குமிழும் எங்களுக்கு மறைந்தே இருந்தன. கதை ஓடியது.

அந்தப் புத்தகங்கள் வலப்புறமிருந்து திறந்தன. கட்டங்களும் வலமிருந்து இடமாகப் போயின. மற்ற ஊர்ப் பிள்ளைகள் இங்கே தடுமாறியிருப்பார்கள். லாத்தா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “இது கிதாபு மாதிரி, இந்தப் பக்கமாத் தொறக்கணும்” என்றாள். எங்கள் வீட்டில் வலமிருந்து இடமாகப் படிப்பது குர்ஆனுக்கு மட்டும் உரிய பழக்கமாக இருக்கவில்லை. உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்து வராது, அரபுத்தமிழ் வரும். அரபு எழுத்துகளோடு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளியும் வளையமும் சேர்த்துச் செய்த எழுத்துகளையும் வைத்து, தமிழை வலமிருந்து இடமாக எழுதுவதுதான் அரபுத்தமிழ். உம்மம்மா மாலைப் பாட்டுகளை அந்த எழுத்தில் வைத்துப் படிப்பார். தமிழே வலமிருந்து வரும் வீட்டில் ஒரு பூனை வலமிருந்து வருவதில் என்ன அதிசயம்?

நாங்கள் ஓதப் போனது பெண்கள் தைக்காவுக்கு. காயலில் பெண்கள் தொழுவதற்கும் ஓதுவதற்கும் தனியாகத் தைக்காக்கள் பல உண்டு. ஓதிக்கொடுத்த மாமி ஒரு குச்சியால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவார். எழுத்தின் மேல் சாய்கோடு வந்தால் ஜபர், கீழே வந்தால் ஜேர், மேலே கொக்கிபோல வந்தால் பேஷ். ஒரே எழுத்து இந்தக் குறிகளால் ப ஆகும், பி ஆகும், பு ஆகும். எழுத்து உடம்பு, குறி குரல் என்று மாமி சொல்வார். இந்தக் குறிகளின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது ஒரு விஷயம் மனத்தில் தைத்தது. ஆதிகால அரபுப் பிரதிகளில் இவை கிடையாது. அந்த மொழியைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களுக்கு இவை வேண்டியிருக்கவில்லை. இஸ்லாம் தூரதேசங்களுக்குப் போய், அந்தக் குரலைக் கேட்டு வளராதவர்கள் ஓத வேண்டி வந்தபோதுதான் குறிகளின் தேவை எழுந்தது. அபுல் அஸ்வத் அத்துஅலீ வண்ணப் புள்ளிகளால் தொடங்கினார் என்றும், 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத் இன்றைய வடிவங்களைத் தந்தார் என்றும் மரபு சொல்கிறது. குரல் எட்டாத தூரத்துக்காகச் செய்யப்பட்ட குறிகள்.

வேதத்தின் எழுத்தைப் படக்கதையோடு ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் கண்ணுக்குக் கிடைத்த பயிற்சியைச் சொல்கிறேன். பெரிய வடிவத்தைப் பார்த்த கையோடு அதைச் சுற்றியுள்ள சின்னக் கோடுகளையும் தேடிப் பார்க்க வேண்டும், அவை இல்லாமல் படித்தால் பிழை என்ற பழக்கம் எங்களுக்கு ஐந்து வயதிலேயே ஏறியிருந்தது. டோரேமான் பக்கத்தைத் திறந்ததும் எங்கள் கண் முகங்களில் நிற்கவில்லை. முகங்களைச் சுற்றிப் போயிற்று.

கோபக்குறியை நாங்கள் கண்டுபிடித்த விதம் இது. முதலில் அது, மணிப்பூனை கதையில் வரும் பையன் நோபிடாவின் உம்மா தலையில் இருந்தது. அவர் கையில் ஒரு தாள், தாளில் சைபர். சைபர் எந்த மொழியிலும் சைபர்தான். பரீட்சைத் தாளில் சைபர் வாங்கிய பிள்ளையின் முன்னால் ஓர் உம்மா எப்படி நிற்பார் என்பதற்கு எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை. பிறகு அதே குறி ஜையான் என்ற குண்டுப் பையனின் முஷ்டியில் வந்தது. அடுத்த கட்டத்தில் நோபிடாவின் கண்ணைச் சுற்றி வீக்கம். பிறகு ஒரு நாயின் தலையில் வந்தது. நாய் துரத்தியது. மூன்று இடத்தையும் லாத்தா விரல் வைத்துக் காட்டினாள். உம்மா, பையன், நாய். மூன்றுக்கும் பொதுவானது எதுவோ அதுதான் குறியின் பொருள். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் சொல்லித் தர முயன்ற ஒன்றை எனக்கு அந்த நாய் சொல்லித் தந்தது.

வியர்வைத்துளி கொஞ்சம் சிரமப்படுத்தியது. காயலின் சித்திரை வெயிலில் வியர்வை என்றால் வியர்வைதான், அதற்கு மேல் ஒரு பொருளும் கிடையாது. ஆனால் இந்தத் துளி ஒன்றே ஒன்றாக, பெரிதாக, தலைக்குப் பக்கத்தில் தனியாகத் தொங்கியது. ஓடியவனுக்கு வரவில்லை, ஏதோ சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவனுக்கு வந்தது. பல துளிகள் சிதறினால் அவசரம், ஒரு துளி தொங்கினால் சங்கடம் என்று பிரித்தோம். முகத்தின் மேல்பாதியில் நெடுங்கோடுகள் இறங்கினால் மனம் இருண்டுவிட்டது. கண்ணுக்குப் பதில் சுருள் இருந்தால் மயக்கம். மூக்கிலிருந்து ஒரு குமிழி ஊதி நின்றால் நல்ல தூக்கம். குமிழி வெடித்தால் விழித்துவிட்டான். பெண்பிள்ளையின் பின்னால் பூக்கள் மலர்ந்தால் அங்கே தோட்டம் எதுவும் இல்லை, பார்ப்பவனின் மனத்தில் ஏதோ நடக்கிறது.

சில திறக்கவே இல்லை. ஒரு கட்டத்தில் பேச்சு முடிந்ததும் தலைக்கு மேலே ஒரு காக்கை பறக்கும், பின்னால் புள்ளிகளை வரிசையாக விட்டுக்கொண்டு. காக்கை கரைந்தால் சபரிலிருந்து ஆள் வரும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் அந்தக் கதையில் யாரும் வரவில்லை. எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். நெற்றியில் முக்கோணத் துணி கட்டிய பேய்களும் புரியவில்லை. நோபிடாவின் பரீட்சைத் தாளில் சில படங்களில் டிக் டிக்காகப் போட்டிருக்கும், ஆனாலும் மதிப்பெண் சைபர். இத்தனை டிக் வாங்கியவனை ஏன் அடிக்கிறார்கள்?

இவற்றுக்கு விடை வளர்ந்த பிறகு கிடைத்தது. ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள், டிக் போட்டால் தப்பு. ஜப்பானியர் காதில் காக்கையின் கரைதல் ‘முட்டாள்’ என்று திட்டுவதுபோலக் கேட்கும். முக்கோணத் துணி அவர்கள் மய்யித்துக்குக் கட்டும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது. இப்போது யோசித்தால் ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது. வியர்வை, நரம்பு, தூக்கம், வீக்கம் என்று மனித உடம்பிலிருந்து எடுத்த குறிகள் கடல் கடந்து எங்கள் முடுக்கு வரை வந்துவிட்டன. ஊர் வழக்கத்திலிருந்து எடுத்த குறிகள் கரையிலேயே நின்றுவிட்டன. சபர் போகிறவர்களின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

ஒரு கட்டத்தைப் பற்றி லாத்தாவுக்கும் எனக்கும் தீராத வழக்கு இருந்தது. அதில் ஆளே இல்லை. மூடிய கதவு, கதவின் மேல் கோபக்குறி, ஒரு பேச்சுக்குமிழ், அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் உம்மா என்றாள் லாத்தா. ஜையான் என்றேன் நான். சீனம் தெரிந்தவர் காயலில் யார்? மாமாவுக்கே கடைப் பேச்சுக்கு வேண்டிய கான்டனீஸ்தான் வரும், எழுத்து வராது.

உயிருள்ளவற்றின் முகம் வரைவதை உம்மம்மா விரும்பமாட்டார். அதட்டமாட்டார், “முகம் வேண்டாம்மா” என்பார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சுவரிலும் நாட்காட்டியிலும் பூவும் கொடியும் எழுத்தும் மினாராவும் இருந்தன, முகங்கள் இல்லை. அதனால் நாங்கள் மணிப்பூனையை வரையவில்லை, நோபிடாவை வரையவில்லை. அவர்களைச் சுற்றியிருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். சிலேட்டில் கோபக்குறி, துளி, குமிழி, சுருள். உம்மம்மா குனிந்து பார்த்துவிட்டு, “இதுல கண்ணும் மூக்கும் இல்லையே, போடுங்கோ” என்று அனுமதித்தார். முகத்திலிருந்து கழற்றிய பிறகும் குறிகள் வேலை செய்தன. தண்ணீர்ப்பானையின் மேல் லாத்தா ஒரு துளி வரைந்தால், குடித்துவிட்டு நிரப்பாமல் போனது யார் என்று பானை சங்கடப்படுவது எனக்குத் தெரிந்தது.

பிறகு அவை கடிதத்தில் ஏறின.

ஹாங்காங்குக்குப் போன் பேசுவது அன்று பெரிய செலவு. உம்மா சொல்லச் சொல்ல லாத்தா எழுதுவாள். உம்மா பேசும்போது இருந்த ஏற்ற இறக்கம் தாளில் ஏறும்போது காணாமல் போகும். ‘உன் கடிதம் கண்டு மாதக்கணக்காகிறது’ என்று எழுதினால் அது வருத்தமா, விசாரிப்பா, கண்டிப்பா என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் லாத்தா அந்த வரியின் ஓரத்தில் கோபக்குறியைப் போட்டுவிட்டாள். உம்மாவிடம் சொல்லவில்லை. மாமாவின் பதில் வந்தது. சலாமுக்குப் பிறகு முதல் வரியில் ‘வேலை அதிகம்’ என்று இருந்தது, அதன் தலையில் ஒரே ஒரு பெரிய துளி.

உம்மா அதைப் பேனா ஒழுகியது என்றுதான் முதலில் எண்ணினாள். லாத்தா விளக்கினாள். உம்மா கடிதத்தை வாங்கித் திரும்பப் பார்த்து, மாமா எதிரில் நிற்பதுபோலச் சிரித்தாள். அன்றிலிருந்து உம்மாவே கேட்கத் தொடங்கினாள். பெருநாளைக்கு வர முடியாது என்று மாமா எழுதியபோது, “அந்தக் கோவத்தப் போடு, சின்னதாப் போடு, அங்கே தனியாக் கெடக்கிற பிள்ளை” என்றாள். வீட்டு வேலைக்குப் பணம் அனுப்பத் தாமதமானபோது கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னாள். குறியின் அளவில் இவ்வளவு பேசலாம் என்று எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. உம்மம்மாவுக்கு மூக்குக் குமிழிதான் பிடித்தது. “சுபுஹுக்கு எழும்புறானா, இல்ல இப்படியான்னு கேளு” என்று குமிழியை வரையச் சொல்வார். மாமா வெடித்த குமிழியை வரைந்து அனுப்புவார்.

மாமா சொந்தமாகவும் ஒரு குறி வைத்திருந்தார். துளிதான், ஆனால் எந்தத் தலைக்கும் பக்கத்தில் இராமல் வரியின் கடைசி எழுத்திலிருந்து தொங்கும். அது வியர்வை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாங்கள் சிறுபிள்ளைத்தனமாகச் செய்ததாக ஊரில் பெரியவர்கள் நினைத்திருக்கலாம். ஜப்பானியப் படக்கதையின் பெரும் ஆசானே அதைப் பெரிய விஷயமாகத்தான் நினைத்தார் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஒசாமு தெசுகா 1979-ல் ஒரு பேட்டியில், தான் வரைவதை ஓவியமாகக் கருதவில்லை, ஒருவகைக் குறியெழுத்தாகவே கருதுவதாகச் சொன்னார். ஆச்சரியம் என்றால் கண் வட்டமாகும், கோபம் என்றால் இன்ன இடத்தில் சுருக்கம் விழும் என்று அவரிடம் ஒரு கையிருப்பு இருந்தது; அந்தத் துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துக் கதை எழுதினார். ஓவியப் பள்ளிக்குப் போகாத மருத்துவ மாணவர் அவர், வால்ட் டிஸ்னியை விழுந்து விழுந்து பார்த்தவர். அவர் சொன்னதைப் படித்தபோது, முகத்தைத் தொடாமல் குறியை மட்டும் எழுதிய எங்கள் சிலேட்டு ஞாபகம் வந்தது. நாங்கள் படம் வரையவே இல்லை. எழுதிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குறிகளை ஜப்பானில் மன்பு என்கிறார்கள். அவை அந்த நாட்டுக்கே உரியவை என்று பேசுவதில் எனக்கு ஒப்புதல் கிடையாது. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் மார்ட் வாக்கர் 1980-ல் தம் நாட்டுப் படக்கதைகளின் வியர்வைத்துளிகளுக்கும் ஓட்டப் புழுதிக்கும் தனித்தனியே பெயர் வைத்து ஒரு புத்தகமே போட்டார். நம் விகடனிலும் குமுதத்திலும் பூரிக்கட்டையால் அடிவாங்கிய கணவனின் தலைப் புடைப்பையும் அதைச் சுற்றும் நட்சத்திரங்களையும் பார்த்துச் சிரிக்காத தமிழர் உண்டா? ஜப்பானியர் செய்தது வேறு. அவர்கள் குறிகளைத் துணுக்குச் சிரிப்போடு நிறுத்தவில்லை. காதலுக்கும் சாவுக்கும் போருக்கும் கொண்டுபோனார்கள். அதற்கு அவர்களிடம் பழைய வேரும் இருந்தது. கியோட்டோவின் கோசான்ஜி ஆலயத்துக்குரிய விலங்குச் சுருள்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு தவளை முயலை மல்லாக்கத் தள்ளிவிட்டு நிற்கும். தவளையின் வாயிலிருந்து கோடு கோடாக மூச்சு கிளம்பும். கண்ணால் காண முடியாத மூச்சை, வெற்றிக் கூச்சலை, ஒருவர் மையால் எழுதியிருக்கிறார். ஃபுமியோ கோனோ என்ற படக்கதை ஆசிரியை 2018-ல் அந்தச் சுருளின் முயலையும் தவளையையும் குரங்கையும் வைத்தே மன்புகளை ஒவ்வொன்றாக விளக்கும் புத்தகம் கொண்டுவந்தார். ஹிரோஷிமாவில் பிறந்த அவர், போர்க்கால வீட்டு வாழ்க்கையைச் சின்னச் சின்னக் கோடுகளால் சொன்னவர். பக்கத்துக்கு ஒரு குறி. பெரியவர்கள் குழந்தைகளுக்கு ஓதிக்கொடுப்பதுபோன்ற பொறுமை அதில் இருக்கிறது. அந்தப் புத்தகம் எங்கள் சிறுவயதில் கிடைத்திருந்தால் காக்கை வழக்கு தீர்ந்திருக்கும். ஆனால் நாயை வைத்துக் கோபத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம் கிடைத்திருக்காது.

1999-ல் ஜப்பானின் டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகேடகா குரிடா கைப்பேசிக்கென்று 176 குறும்படங்கள் அமைத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகளுக்குள். சின்னத் திரையில் எழுதும் செய்திகளில் குரல் காணாமல் போகிறது என்பதுதான் அவருக்கு முன்னிருந்த சிக்கல். அவர் வானிலை அறிவிப்புச் சின்னங்களையும் தெருப் பலகைகளையும் பார்த்தார், கூடவே தாம் படித்து வளர்ந்த படக்கதைகளையும். முகத்தோடு சேராமல் தனியே நிற்கும் கோபக்குறி அப்படித்தான் கைப்பேசிக்குள் வந்தது. 2010-ல் யூனிகோடு இவற்றை உலகப் பொது எழுத்தாக்கியது. இன்று என் கைப்பேசியில் கோபக்குறி இருக்கிறது, சிதறும் துளிகள் இருக்கின்றன, ஓட்டப் புழுதி இருக்கிறது, அடியின் வெடிப்பு இருக்கிறது. நாங்கள் ஹாங்காங்குக்கு நீலத் தாளில் அனுப்பியவை அத்தனையும்.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுமத்தில் காயல், சென்னை, கொழும்பு, ஹாங்காங் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. வஃபாத்துச் செய்தி வரும்போது இன்னாலில்லாஹிக்குப் பக்கத்தில் சிலர் ஒரு முகத்தைப் போடுவார்கள். கண் மூடி, மூக்கோரம் ஒரு துளி. யூனிகோடு அதற்கு இட்டிருக்கும் பெயர் தூக்கமுகம். அந்தத் துளி நோபிடாவின் மூக்குக் குமிழி. முதல் தடவை பார்த்தபோது திருத்த வேண்டும் என்று கை பரபரத்தது. பிறகு விட்டுவிட்டேன். போடுகிறவர்களும் அழுகிறார்கள், பார்க்கிறவர்களும் அழுகையாகவே வாசிக்கிறார்கள். ஜபர் ஜேருக்கு ஆசிரியர் உண்டு, தப்பாக ஓதினால் குச்சி தட்டும். இந்தக் குறிகளுக்குப் பயன்படுத்துகிறவர்களைத் தவிர ஆசிரியர் கிடையாது. எங்கள் ஊரில் இனி அது கண்ணீர்தான்.

மாமா மவுத்தானபோது குழுமத்தில் அந்த முகம் வரிசையாக வந்தது. லாத்தா அதைப் போடவில்லை. எழுதியதன் கடைசி எழுத்தோடு ஒட்டி ஒரு நீலத் துளியை மட்டும் போட்டாள். சின்னப் பிள்ளைகள் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. உம்மாவுக்குத் தெரிந்தது.

தம்பியின் மகன் ஹாங்காங்கில் பள்ளிக்கூடம் படிக்கிறான். தமிழ் பேசுவான், எழுத வராது; சீனம் தண்ணீர்பட்ட பாடு. பழைய புத்தகங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டதும் காமிராவில் காட்டச் சொன்னான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து எங்களுக்குப் படித்துச் சொல்கிறான். முதலில் சைபர் பக்கத்தைக் காட்டினேன். நோபிடாவின் உம்மா தலையில் அவ்வளவு பெரிய கோபம் இருக்கிறதே, என்ன சொல்லித் திட்டுகிறார் என்று கேட்டேன். “திட்டலையே மாமி. ‘இங்கே வந்து உட்காரு’ன்னுதான் எழுதியிருக்கு” என்றான். சொற்கள் அவ்வளவு சாதுவாக இருந்தன. கோபம் முழுவதையும் அந்த நாலு கோடுதான் சுமந்திருக்கிறது.

அடுத்த வாரம் கதவுப் பக்கம். லாத்தா என்னைத் தள்ளிவிட்டுக் காமிராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவன் குமிழைப் பார்த்துவிட்டு, “‘வீட்டுப்பாடம் முடிச்சியா’ன்னு கேக்குறாங்கோ, பெரிய மாமி” என்றான். ஜையான் யாரிடமும் வீட்டுப்பாடம் கேட்கமாட்டான். லாத்தா சொன்னது சரி.

இந்த வெள்ளிக்கிழமைக்குக் காக்கைப் பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் கரைதலை ஹாங்காங் மொழிபெயர்ப்பாளர் சீனத்தில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.